மருந்தின் நாலாங் கூறு

(சங்கக் கட்டடத்தில் நடைபெற்ற திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பல் மருத்துவ நிலையம் ஒன்று நிறுவுவதென்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானமாயிற்று. நன்கொடையும் வந்துகொண்டிருக்கின்றது. நோயாளர் சாய்ந்திருக்கும் நாற்காலியை உள்நாட்டில் வாங்கலாமா, வெளிநாட்டிலிருந்து வருவிக்கலாமா என்பது பற்றி இக்கூடத்தின் திண்ணையில் நாள்தோறும் வாதம் நிகழ்கின்றது. இந்நிலையில், பல் மருத்துவ நிலையத்துப் பணியாளர் புதிய ஒழுங்குகளுக்கு ஆயத்தமாதல் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தனர். யாம் தமிழாசிரியத் தொழில் புரிவோம். பல் மருத்துவம் கற்றேமல்லேம். எனினும் எம்மிடம் பயின்ற பெண்கள் பலர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் நாமக்கல்லிலும் பல் மருத்துவரிடம் உதவியாளராய் அமர்ந்திருக்கின்றனர். நம் மரபினர் பிள்ளைகள் சிலர் அரியானூரிலும் திருச்செங்கோட்டிலும் உள்ள கல்லூரிகளிற் பயின்று மருத்துவராயினர். இருசாராரும் எம்மிடம் வந்து பேசுவர். அவர் சொல்லக் கேட்டவற்றையும் நூல்களிற் கண்டவற்றையும் துணைக்கொண்டு சில கூறுவோம்.

திருக்குறளில் மருந்து என்று ஓர் அதிகாரம் உளது. அதன் ஈற்றுக் குறளில் ஆசிரியர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து, நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து என மூன்றனைக் கூறியபின், அம்மருந்தை அருகிருந்து இயற்றுவானை நாலாங் கூறாக வைத்தனர். பலரும் முன்னைய மூன்றனையே நினைவிற் கொள்வர். நாலாமவனைச் செய்யுள் நிரம்புதற்பொருட்டு வைத்தார் போலும் என்று கடந்து செல்வாரும் உளர். அங்ஙனமன்று. பரிமேலழகர் அந்நான்கனுள் ஒவ்வொன்றையும் நந்நான்காகப் பகுத்துக் காட்டுமிடத்து, உடனிருப்பானுக்கு உரியனவாக நோயாளியிடத்து அன்பு, மனமும் மொழியும் மெய்யும் தூயவாயிருத்தல், சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் திறம், அறிவு என்பவற்றை எண்ணுகின்றார். இவற்றுள் இறுதியில் நின்ற அறிவைப் பற்றி யாம் வகுப்பறையில் மாணவரை வினவுவதுண்டு. சொல்லியவாறே செய்பவனுக்கு அறிவு எதற்கு? ஏவல் கேட்கும் செவியும் இரண்டு கைகளும் போதாவோ? போதா என்பதே உரையாசிரியர் கருத்தாதல் வேண்டும். ஏன் செய்கின்றோம் என்று அறிந்தவனே, ஏவினோன் பாராத இடத்தும் அவ்வாறே செய்வான்.

அறியாது செய்தலின் கேடு எத்துணைத்து என்பதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டா. சேலத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் இருப்புப்பாதையிற் சோலையார்பேட்டையைக் கடந்தால் வாணியம்பாடி வரும். திருப்பத்தூர் மாவட்டத்து அவ்வூரையும் அதனைச் சூழ்ந்த பகுதிகளையும் சேர்ந்தோர் சிலர் 2022, 2023-ஆம் ஆண்டுகளிற் காய்ச்சலும் தலைநோவும் பேச்சுக் குழறலுமாக மருத்துவமனைகளை அடைந்தனர். நோய் இன்னதென்று முதலில் விளங்கவில்லை. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவரும், சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தாரும், மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையாரும் ஆராய்ந்து, அது மெலியாய்டோசிஸ் என்னும் நோய் மூளையைத் தாக்கிய வடிவம் என்று கண்டனர். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு நுண்ணுயிரால் வருவது அந்நோய். (1912-இல் இரங்கூனில் இதனை முதன்முதல் விளக்கி எழுதிய இருவருள் ஒருவர் விட்மோர் என்னும் ஆங்கிலேயர், மற்றவர் கிருஷ்ணசாமி என்னும் நம்மவர். விட்மோர் பெயரால் நோய் வழங்கிற்று. கிருஷ்ணசாமி பெயரை அறிவார் சிலரே. உடனுழைத்தோர் பெயர் மறைதல் இன்று நேற்று வந்ததன்று.) நோயுற்றோர் இருபத்தொருவர். அவருள் பதின்மர் வாணியம்பாடியிலுள்ள ஒரே பல் மருத்துவ நிலையத்திற் சிகிச்சை பெற்றவர். அப்பதின்மருள் எண்மர் மாண்டனர்.

எதனால்? பல்லைச் சூழ்ந்த எலும்பின் மேற்சவ்வை நெம்புதற்குரிய சிறு கருவி ஒன்றுண்டு. தூய்மை செய்யப்படாத அக்கருவியால் சலைன் புட்டியின் மூடியை நெம்பித் திறந்து, திறந்த புட்டியைத் தளர மூடிவைத்து, அதனையே பின்வந்த நோயாளர்க்கும் பயன்படுத்தியதே கிருமி பரவிய வழி என்று ஆராய்ந்தோர் கூறினர். அவ்வாராய்ச்சி 2025-இல் லான்செட் குழுமத்துத் தென்கிழக்காசிய இதழில் வெளியாயிற்று. பல்வலிக்கென்று சென்றவர் வீடு திரும்பிச் சில நாளில் மாண்டமை கேட்டு மனம் பதறுகின்றது. அப்பதற்றத்தில் ஒன்றை மறத்தலாகாது. இக்கேட்டைத் தவிர்த்தற்குப் பல இலட்சம் பெறுமான இயந்திரம் வேண்டியதில்லை. புட்டியை உரிய முறையில் திறந்து, எஞ்சிய நீரைக் கொட்டிவிட்டு, அடுத்தவர்க்கு வேறு புட்டி எடுத்தாற் போதும். சில ரூபாய்ச் செலவு.

அந்நிலையத்தார் தீயர் என்று கருத எமக்கு இடமில்லை. நாள்தோறும் கண்டது கண்ணிற் படாது என்பதே நிகழ்ந்தது என்று எண்ணுகின்றோம். அப்புட்டி திறக்கப்படுவதை ஒருவர் இருவரேனும் பலகாற் கண்டிருப்பர். கண்டவர்க்கு அது பிழையென்று தெரியாதிருக்கலாம். தெரிந்தும் சொல்லும் வாய் இல்லாதிருக்கலாம். இவ்விரண்டனுள் எது நேரினும் முடிவு ஒன்றே. ஆகலின், நாம் தொடங்கக் கருதும் நிலையத்திற்கு நாற்காலியினும் முன்னதாக ஆராயத்தக்கது இதுவேயாகும்.

பல் மருத்துவர் நம் வாய்க்குள் செய்வதை நாம் அறிவோம். அவர் கைக்கு அக்கருவி எவ்வாறு வந்தது என்பதை அறிவார் அரியர். நம் ஊர்களில் 'சிஸ்டர்' என்று அழைக்கப்படும் பெண் அங்கு நிற்கின்றாள். அவள் செவிலியர் படிப்புப் படித்தவள் அல்லள். 1948-ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம் பல் மருத்துவரையும், பற்சுகாதாரப் பணியாளரையும், செயற்கைப்பல் செய்யும் தொழிலாளரையும் பதிவேட்டில் ஏற்றிற்று. நாற்காலியின் பக்கத்தில் நிற்கும் உதவியாளரை அது ஒரு வகையாக எண்ணவில்லை. வள்ளுவர் எண்ணியதைச் சட்டம் எண்ணாது விட்டது! பெரும்பாலும் அவள் முன்னிருந்தவளைப் பார்த்தே வேலை கற்கின்றாள். முன்னிருந்தவள் செய்த பிழையும் அவளுக்குப் பாடமாகின்றது. அவள் கடமையோ சிறிதன்று. குருதியும் எச்சிலும் படிந்த கருவியை உடனே நீரிலிட்டுத் தூரிகையால் தேய்த்துக் கழுவுவாள். கழுவாது விட்ட கருவியை எவ்வளவு வெப்பத்திலிட்டாலும், ஒட்டிய அழுக்கினடியிற் கிருமி உயிரோடிருக்கும். பின்னர் உலர்த்தி உறையிலிட்டு ஆட்டோகிளேவில் அடுக்குவாள். காலையில் நாற்காலியின் நீர்க்குழாய்களில் இரவு தேங்கிய நீரைச் சில நிமிடம் ஓடவிடுவாள். ஒவ்வொரு நோயாளி எழுந்தபின்னும் அரை நிமிடம் ஓடவிடுவாள். ஊசிகளைத் துளைபடாத வெண்ணிறக் கலத்திலும், குருதி தோய்ந்த பஞ்சை மஞ்சட் பையிலும் இடுவாள். மருத்துவக் கழிவு பற்றிய 2016-ஆம் ஆண்டு விதிகள் அவ்வாறு நிறம் பிரித்திருக்கின்றன. இத்தனையும் அடுத்த நோயாளி வாயிலில் நின்று எட்டிப் பார்க்கும்போது செய்யவேண்டுவன.

ஆட்டோகிளேவ் என்பது நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் தமையன். பாஸ்டரிடம் பணிபுரிந்த சார்லஸ் சேம்பர்லாண்டு 1879-இல் அதனை அமைத்தனர். சதுர அங்குலத்துக்குப் பதினைந்து பவுண்டு அழுத்தத்தில், 121 பாகை வெப்பமுடைய நீராவி, பதினைந்து நிமிடம் கருவியைத் தழுவி நிற்றல் வேண்டும். பழைய நாளில் கொதிநீரில் இட்டெடுத்தலே போதுமென்றிருந்தனர். கொதிநீரின் நூறு பாகையில் மாளாத வித்துறைக் கிருமிகள் உள என்பது பின்னர்த் தெளிவாயிற்று. உறையின்மேல் ஒட்டும் நாடா நிறம் மாறினால் வெப்பம் பட்டது என்று மட்டுமே பொருள். கிருமி மாண்டதற்கு அது சான்றாகாது. அதற்கு வாரந்தோறும் வலிய கிருமி வித்துக்களை உள்ளே வைத்து, அவை மாண்டனவா என்று ஆராயும் சோதனை வேறு. இவ்வேறுபாட்டை உதவியாளர் எத்தனை பேருக்குச் சொல்லித் தந்திருக்கின்றோம்? 'நிறம் மாறினால் எடுத்துவிடு' என்பதோடு பாடம் முடிந்துவிடுகின்றது.

இனி, ஒரு சிறு கணக்குப் போடுவோம். யாம் கணக்காசிரியர் அல்லேம் எனினும் இது எளியது. மாலை ஐந்து மணி முதல் ஒன்பது மணிவரை நிலையம் திறந்திருப்பதாகவும், மணிக்கு ஐவராக இருபதின்மர் வருவதாகவும், கருவித் தொகுதி ஆறு இருப்பதாகவும் கொள்வோம். கழுவி, உலர்த்தி, உறையிலிட்டு, ஆவியில் வைத்து, ஆறவிட்டு எடுக்க ஒரு மணி நேரம் ஆகும் என்க. முதல் மணியில் ஐவர்க்கு ஐந்து தொகுதி செலவாயின. எஞ்சியது ஒன்று. கழுவச் சென்ற ஐந்தும் இரண்டாம் மணி முடியும்போதுதான் மீளும். எனவே இரண்டாம் மணியில் வரும் ஐவருள் முதல்வனுக்கே தூய கருவி உண்டு. மற்றை நால்வர்க்கு? அங்கு நிற்கும் பெண் எத்துணை நல்லளாயினும், எத்துணைப் பயிற்சி பெற்றவளாயினும், அவளால் இயல்வது ஒன்றே: ஆவியிலிட்டதைப் பாதியில் எடுத்தல், அல்லது மருந்துநீரில் தோய்த்துத் துடைத்துக் கொடுத்தல். பிழை அவளதன்று, கணக்கினது. பன்னிரண்டு தொகுதி வாங்கியிருப்பின் அவள் நெறிதவற வேண்டுவதே இல்லை. பெரிய இயந்திரத்தைப் பணம் கொடுத்து வாங்கிப் படம் எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டு, ஆறு தொகுதியோடு நிறுத்திக்கொள்ளும் நிலையங்கள் உண்டென்று எம் மாணவியர் கூறக் கேட்டிருக்கின்றோம். இக்கணக்கு மருத்துவர்க்குத் தெரியாது. கழுவுமிடத்தில் நிற்பவளுக்குத் தெரியும். அவளை எவரும் கேட்பதில்லை.

நெசவைத் தொழிலாகக் கொண்டிருந்த நம் மரபினர்க்கு இது புதிய செய்தியன்று. சென்னை மாகாணத்திற் கைத்தொழில் வளர்ச்சிக்கு உழைத்த ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர், கைத்தறியாளர் நலிதல் கண்டு, அவரை ஒரு கூரையின்கீழ்த் திரட்டி, கயிற்றை இழுத்து நாடாவைப் பாயச்செய்யும் விரைவுத் தறியில் நெய்வித்தால் உய்வு உண்டாகும் என்று கருதினர். 1906-இல் சேலத்தில் அரசாங்க நெசவுச்சாலை தொடங்கிற்று. தறி நல்ல தறி. நோக்கமும் நல்ல நோக்கம். ஆயினும் நெசவாளர் ஒழுங்காக வந்திலர். 1910-இல் சாலை மூடப்பட்டது. அரசாங்கம் தொழில் நடத்தலாகாது என்று இங்கிலாந்திலிருந்து வந்த வற்புறுத்தலும் மூடியதற்குக் காரணமே. எனினும் நெசவாளர் மனம் அதில் ஒட்டவில்லை என்பது அதற்கு முன்பே புலனாயிருந்தது. இதனைச் சோம்பல் என்று கூறிவிடுதல் எளிது. வீட்டுத் தறியில் மனையாள் தார் சுற்றுவாள். மக்கள் இழை எடுத்துக் கொடுப்பர். தெருவிற் பாவு ஓடும்போது அண்டை வீட்டாரும் கைகொடுப்பர். தறிகாரன் ஒருவனை மட்டும் பிரித்து, மணியடித்தால் வா, மணியடித்தால் போ என்றால், அவன் இழப்பது குடும்பத்தின் உழைப்பனைத்தையும். அதனை எவரும் அவனிடம் கேட்டறியவில்லை. வியப்பு யாதெனின், அதே பாயும் நாடாவை வீட்டுக் குழித்தறியிற் பொருத்தலாம் என்ற நிலை வந்தபோது நெசவாளர் தாமே விரும்பி மேற்கொண்டனர். புதுமையை வெறுத்தாரல்லர், தம்மைக் கேளாது வந்த ஒழுங்கையே வெறுத்தனர்.

மேனாட்டார் இவ்வாயத்த நிலையை ஒரு தனிக் கலையாகவே ஆராய்கின்றனர். பிரயன் வைனர் என்பார் 2009-இல் எழுதிய ஆராய்ச்சியில், ஒரு நிறுவனத்தார் மாற்றத்துக்கு ஆயத்தராதல் இரண்டால் அறியப்படும் என்றனர்: ஒன்று, இதனை நாம் செய்தே தீர்வோம் என்னும் கூட்டுத் துணிபு, மற்றொன்று, இது நம்மால் இயலும் என்னும் கூட்டு நம்பிக்கை. இரண்டும் ஒருவர் நெஞ்சில் இருந்தாற் போதா. உடன் உழைப்போர் அனைவர் நெஞ்சிலும் பரவியிருத்தல் வேண்டும். முன்னர்க் கூறிய கணக்கை இதனோடு இயைத்துப் பாருங்கள். ஆறு தொகுதியோடு நிற்பவளுக்குத் துணிபு இருக்கலாம். இயலும் என்னும் நம்பிக்கை எங்ஙனம் வரும்? காரணம் அறியாதவளுக்கோ, பன்னிரண்டு தொகுதி இருந்தும் துணிபு வாராது.

காரணம் சொல்லாமல் கட்டளை மட்டும் இட்டதன் பயனை வியன்னா நகரத்து வரலாறும் காட்டும். 1847-இல் அந்நகர் மருத்துவமனையில் மகப்பேற்றுப் பகுதியிற் பணிபுரிந்த செம்மெல்வெய்ஸ், பிணம் அறுத்த கையோடு பிள்ளைப்பேறு பார்க்க வரும் மாணாக்கர் குளோரின் கலந்த சுண்ண நீரிற் கைகழுவுதல் வேண்டும் என்று விதித்தனர். தாய்மார் இறப்பு வெகுவாகக் குறைந்தது. இவ்வளவு கண்கூடான நன்மை கண்டும் பெரியோர் பலர் உடன்பட்டிலர். அவர் தம் கண்டுபிடிப்பைக் காலத்தே விளக்கி எழுதவுமில்லை, எதிர்த்தோரை இணக்கவுமில்லை. 1850-இல் வியன்னாவை விட்டே நீங்கினார். உண்மை தன்னைத்தானே பரப்பிக்கொள்ளும் என்று நம்புவோர் இதனைச் சிந்திக்க.

அச்சத்தால் வரும் மாற்றத்தையும் நாம் கண்டிருக்கின்றோம். 2020 மார்ச்சு 25-ஆம் நாள் நாடு அடைக்கப்பட்டபோது பல் மருத்துவ நிலையங்களிற் பெரும்பாலன மூடின. மீளத் திறந்தபோது முகக்கவசமும் முகத்திரையும் கையுறையும், நேரம் குறித்து ஒவ்வொருவராய் வரவழைத்தலும் ஒரு வாரத்திற் பழக்கமாயின. எவரும் முணுமுணுக்கவில்லை, தம்முயிர்க்கு அஞ்சினர். நோய் தணிந்தது, அச்சமும் தணிந்தது, பல இடங்களில் ஒழுங்கும் உடன் தணிந்தது. வாணியம்பாடி நிகழ்ச்சியின் பெரும்பகுதி அவ்வச்சம் நீங்கிய காலத்தது என்பதை நினைக்குந்தோறும் எம் நெஞ்சு வருந்தும். நோயாளியிடமிருந்து நமக்கு வருவதைத் தடுக்கக் கற்றோம். நம் கையிலிருந்து நோயாளிக்குச் செல்வதைத் தடுக்கும் பாடம் அதனோடு சேர்த்துக் கற்பிக்கப்படவில்லை.

நிற்க. நம் சங்கத்துக்கே சிறப்பாக உரிய இடர் ஒன்றுண்டு. அதனை வெளிப்படக் கூறுதலே நன்று. நம் நிலையத்தில் மருத்துவராய் அமர்பவர் நம்மவர். உதவியாளராய் வருபவளும் நம்மவள். மருத்துவர் அவளுக்கு மாமன் முறையாவார், அல்லது சித்தப்பன் முறையாவார். வேலை கிடைத்ததே அவருடைய இரக்கத்தால் என்று வீட்டிற் சொல்லி அனுப்பியிருப்பர். அவர் அவசரத்தில் ஒருவர்க்கு எடுத்த புட்டியை மற்றொருவர்க்கு நீட்டும்போது, 'மாமா, அது வேண்டா' என்று சொல்ல எப்பெண்ணுக்கு நா எழும்? பெரியோரை எதிர்த்துப் பேசலாகாது என்று நாமே கற்பித்து வளர்த்திருக்கின்றோம். எம் வகுப்பறையிலும் அதுவே கற்பிக்கின்றோம். அக்கல்வியை இகழ்கின்றேமல்லேம். ஆயினும் வேற்றார் நடத்தும் நிலையத்தில் கூச்சம் ஒரு பங்காயின், உறவினர் நடத்தும் நிலையத்தில் அது நான்கு பங்கு. ஆகலின் சொல்லும் உரிமையை அவள் துணிவுக்கு விட்டுவிடாமல் நிலையத்தின் விதியாகவே ஆக்கிவிடல் வேண்டும். ஐயமுண்டாயின் எவரும் 'புதியது எடுக்கின்றேன்' என்று ஒரு சொல் சொல்லலாம்; சொன்னவுடன் மருத்துவர் கையை நிறுத்திக் காத்திருப்பார்; ஏன் என்று அப்பொழுது வினவார்; அன்றைய வேலை முடிந்தபின் இருவரும் பேசிக்கொள்வர். இவ்வொரு சொல்லை முதல்நாள் முதலே மருத்துவர் தாமே வேண்டுமென்று சிறு தவறு செய்துகாட்டி, உதவியாளரைச் சொல்லவைத்துப் பழக்கலாம். விளையாட்டுப் போலத் தோன்றும். பத்து நாளில் நாப் பழகிவிடும்.

நம் இளம் மருத்துவர்களிடம் ஒரு வார்த்தை. நீங்கள் ஐந்தாண்டு கற்றதை உங்கள் பக்கத்தில் நிற்பவளுக்கு ஐந்து வாரத்திற் சொல்லித் தரலாம். எல்லாவற்றையும் அன்று, அவள் கைபடும் பகுதியை. தமிழிற் சொல்லுங்கள். நுண்பெருக்கிக் கண்ணாடியில் ஒரு துளி அழுக்கு நீரைக் காட்டுங்கள். நூறு கட்டளைக்கு அது ஒப்பாகும். புதிய ஒழுங்கு எதனையும் திங்கட்கிழமை காலையில் அறிவித்துத் திங்கட்கிழமை மாலையில் எதிர்பாராதீர். நோயாளர் குறைந்த நாள் பார்த்து ஒருமுறை ஒத்திகை செய்து, எங்கே தடைப்படுகின்றது என்று அவளையே கேளுங்கள். ஊதியத்தைப் பற்றியும் கூறாமற் செல்ல இயலவில்லை. நல்ல துணிக்கடையில் நிற்கும் பெண்ணினும் குறைந்த கூலிக்கு உதவியாளரை வைத்துக்கொண்டால், அவள் பழகிய ஆறாம் மாதம் துணிக்கடைக்கே சென்றுவிடுவாள். நீங்கள் கற்பித்ததும் அவளோடு செல்லும். மீண்டும் புதியவள், மீண்டும் பழைய பிழை. ஆயத்தம் என்பது நிலைத்து நிற்கும் ஆளிடத்தன்றி நில்லாது.

நோயாளராய்ச் செல்லும் நமக்கும் இதிற் பங்குண்டு. நம் பக்கத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு மிகுந்த ஊர்கள் பல; தருமபுரி எல்லையை அடுத்தவர் பற்கறையை எல்லாரும் கண்டிருப்பீர். புகையிலையும் வெற்றிலையும் செய்யும் கேடு தனி. எனவே பல் மருத்துவரிடம் செல்லாத வீடில்லை. சென்ற இடத்தில் நாம் எவ்வாறு நடந்துகொள்கின்றோம்? 'ஏனம்மிணி, இன்னுமா ஆகலே? மிசின்லே போட்டது போதும், எடுத்தாம்மிணி; பஸ்ஸுக்கு நேரமாச்சு' என்று அதட்டுகின்றோம். ஆவியிலிருக்கும் கருவியை ஐந்து நிமிடம் முன்னே வெளியிலெடுக்கச் செய்வது பல நேரங்களில் இந்த அதட்டலே. உறையை நம் கண்முன் பிரிக்கின்றார்களா, புட்டி புதிதாகத் திறக்கப்படுகின்றதா என்று அன்போடு கேட்டல் குற்றமாகாது. கேட்கும் நோயாளி வருவார் என்று தெரிந்தால் உதவியாளர்க்கு அது துணையாகும். 'அவங்க கேக்கறாங்க ஐயா' என்று மருத்துவரிடம் சொல்ல அவளுக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.

இறுதியாகக் கட்டடக் குழுவார்க்கு ஒரு விண்ணப்பம். அன்புகூர்ந்து வரைபடத்தை எமக்குக் காட்டினர். வாயிலில் நன்கொடையாளர் பெயர் பொறித்த சலவைக்கல்லுக்கு இடம் விடப்பட்டிருக்கின்றது. காத்திருப்போர் கூடம் விசாலமானது. மருத்துவர் அறைக்குக் குளிர்சாதனம் உண்டு. கருவி கழுவுமிடம் எங்கே என்று தேடினோம். கழிப்பறையை அடுத்துள்ள கைகழுவு தொட்டியே அதற்கும் என்றனர். அது தகாது. கழுவுதற்கென்று தனி அறை வேண்டும். ஒரு பக்கம் அழுக்குக் கருவி வந்து சேரவும், நடுவிற் கழுவி உலர்த்தி உறையிலிடவும், மறுபக்கம் தூய கருவி வெளிச்செல்லவும் இடமிருத்தல் வேண்டும். வந்த வழியே திரும்பிச் செல்லலாகாது. தொட்டி இரண்டு, காற்றுப் போக்கி ஒன்று, நின்று வேலை செய்பவள் உட்காரச் சிறிது இடம். காத்திருப்போர் கூடத்திற் பத்தடி குறைத்தால் இத்தனையும் அடங்கும். உபகரணங்களுக்கென்று ஒதுக்கிய தொகையிற் கருவித் தொகுதி பன்னிரண்டுக்கும், நிலையம் திறப்பதற்கு முந்திய இரண்டு திங்களுக்கு உதவியாளர் இருவரின் பயிற்சிக் காலச் சம்பளத்துக்கும் முதலிற் பிரித்து வைத்துவிட்டு, எஞ்சியதில் நாற்காலி வாங்கலாம். வெளிநாட்டு நாற்காலி கிடைக்காமற் போகலாம்; போகட்டும்.

குழு அடுத்த திங்கள் முதல் ஞாயிறு கூடுகின்றது. அதற்கு முன்னர், சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் உதவியாளராய் இருக்கும் நம் பெண்கள் நால்வரை வருவித்து, வரைபடத்தை விரித்து, பென்சிலை அவர் கையிற் கொடுக்குமாறு வேண்டுகின்றோம். அவர்களுக்குப் பேருந்துச் செலவும் அரைநாட் சம்பளமும் சங்கம் கொடுத்தல் வேண்டும். செயலாளர் இசைந்திருக்கின்றனர்.